கறுப்பு ஒயர்

நாலாவது ஃபியூஸும் போய்விட்டது. விரல் நகத்தளவு சிவப்பு பிளாஸ்டிக், உள்ளே முடி போல ஒரு கம்பி, கம்பியின் நடுவில் கருகிய ஒரு பொட்டு. நஞ்சப்பன் ஒரு கண்ணை மூடிக்கொண்டு அதை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்த்தார். உள்ளே விடை ஏதும் எழுதியிருக்கவில்லை. முப்பத்து நாலு வருஷம் லைன்மேனாகப் பதினோராயிரம் வோல்ட்டோடு குடும்பம் நடத்தியவர், பெண் ஓட்டுகிற மோட்டார் சைக்கிளின் பன்னிரண்டு வோல்ட்டிடம் மாட்டிக்கொண்டு, வீட்டு வாசலில் சாக்கை விரித்துக் காலைப் பரப்பி உட்கார்ந்திருக்கிறார். பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள். பார்க்க ஆளில்லை. வால்பாறைக்கு அந்தப்பக்கம், தேயிலைச் சரிவின் ஓரத்தில் இந்த வீட்டைத் தவிர நாலு வீடுதான், நாலிலும் ஆட்கள் கொழுந்து பறிக்கப் போய்விட்டார்கள். மணி ஒன்றரை. நாலு மணிக்கு வாணி கிளம்பியாக வேண்டும். எஸ்டேட் ஆஸ்பத்திரியில் ஐந்து மணிக்கு அவளுக்கு டூட்டி, நர்சு வேலை, ஒருத்தி வந்தால்தான் இன்னொருத்தி வீட்டுக்குப் போக முடியும். மூன்றரைக்கெல்லாம் மூடுபனி இறங்கிவிடும். நேற்றும் இறங்கியது. நேற்று என்று நினைத்ததுமே கையிலிருந்த ஃபியூஸ் நழுவிச் சாக்கில் விழுந்தது. விழட்டும். செத்ததை எடுத்து என்ன செய்ய? டப்பாவில் இன்னும் இரண்டு இருக்கிறது. இரண்டையும் கண்ணை மூடிக்கொண்டு பலி கொடுத்துவிட்டால் பொள்ளாச்சிக்குத்தான் இறங்க வேண்டும், நாற்பது கொண்டை ஊசி வளைவு.

நேற்று மாலை, எதிர் மலையில் மூன்றாவது வளைவில், என்ஜினும் லைட்டும் ஒன்றாக அணைந்துவிட்டன. காலையில் வந்து வாணி சொன்னது கொஞ்சம்தான். மீதியை நஞ்சப்பனே தனக்குச் சொல்லிக்கொள்கிறார், காலையிலிருந்து, நிறுத்த முடியாமல். பனி. வண்டியின் முன்சக்கரம்கூடத் தெரியாத பனி. ரோட்டுக்கு மேல்பக்கம் ஒரு கிளை ஒடிகிற சத்தம். அப்புறம் இன்னொன்று. அவள் "யானைங்கப்பா" என்றாள், பஸ் வந்துச்சுங்க என்பதுபோல. ஹெல்மெட்டைக் கழற்றாமல், போனைப் பல்லில் கடித்து அதன் வெளிச்சத்தில் பக்க மூடியைத் திறந்து, சீட்டுக்கடியிலிருந்த உபரி ஃபியூஸை எடுத்து மாட்டியிருக்கிறாள். இதில் எந்த இடத்தில் யானை ரோட்டுக்கு இறங்கியிருக்கலாம் என்று நஞ்சப்பனின் மனசு கணக்குப் போட்டுக்கொண்டே இருக்கிறது. மூடியைத் திறக்கும்போதா, மாட்டும்போதா, செல்ஃப் ஒரு தரம் இழுத்துவிட்டு நின்றபோதா? ஒவ்வொரு இடத்திலும் இறங்கியது. ஒவ்வொரு தடவையும் அவள் பிழைத்தாள், அவர்தான் செத்துச் செத்துப் பிழைத்தார். போன வாரம் முதல் ஃபியூஸ் போனபோது ஈரம் என்றார். நேற்று இரண்டாவது. இன்று காலை மூன்றாவது, இந்த வாசலிலேயே, வண்டியை உருட்டித் திருப்பும்போது. "ஷாஜியண்ணன் சர்வீஸ் பண்றப்ப எதையோ இழுத்து உட்டுட்டாராட்டத் தெரியுதுங்கப்பா" என்று வாணி தோசையைப் பிட்டுக்கொண்டே சொன்னாள். ஷாஜி டவுனில் மெக்கானிக், மலையாளத்துக்காரன், நல்ல பையன். அப்போது நஞ்சப்பன் என்ன சொன்னார்? "அப்படித்தான் இருக்கோணும்" என்றார். ஏன் சொன்னார்? ஷாஜி தொட்டது ஆயிலையும் செயினையும் மட்டும். ஒயரைத் தொட்டது யார்? அந்தக் கேள்விக்கு முன்னால் மனசு நின்று, மெதுவாக ஒதுங்கி, வேறு பக்கம் பார்த்தது.

ஒயரைத் தொட்டவர் இவர்தான். தொட்டார் என்பது குறைச்சல், ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க அதோடு பூஜையே நடத்தினார். பனிக்கு மஞ்சள் வெளிச்சம்தான் கிழிக்கும் என்று பொள்ளாச்சியில் கடை கடையாக ஏறி இரண்டு பனி விளக்கு, ஹேண்டில்பாரில் போன் சார்ஜர் ஒன்று, இடது கட்டைவிரலுக்கு எட்டுகிற மாதிரி ஒரு சுவிட்சு. விளக்குகளை, விழுந்தால் காலைக் காப்பதற்கு முன்னால் வளைத்திருக்கும் இரும்பு கார்டில் ரப்பர் வைத்து முறுக்கி நிறுத்தினார். ஒயரை வெளியே தெரியாமல் டாங்க்குக்கு அடியில் கொண்டுபோனார். ஒவ்வொரு முடிச்சுக்கும் மூன்று சுற்று டேப்பு. வேலை என்றால் அது வேலை. ஒரே ஒரு சங்கடம், சட்டைப் பையில் பேனா மாதிரி எப்போதும் இருக்கிற டெஸ்டர் இங்கே எரியவில்லை. வீட்டு கரண்டுக்கு எரிகிற டெஸ்டர் பன்னிரண்டு வோல்ட்டை மனுஷனாகவே மதிப்பதில்லை. அதனால் பழைய இண்டிகேட்டர் பல்பு ஒன்றில் இரண்டு ஒயரைப் பற்றவைத்து, அதைக் கொண்டு வண்டியின் ஒயர்க்கட்டில் தேடினார். கறுப்பு இருந்தது, பச்சை இருந்தது. இரண்டிலும் பல்பின் காலை வைத்தார், பளிச்சென்று எரிந்தது. சரி. கறுப்பு என்றால் திரும்பிப் போகிற ஒயர், அது உலகத்துக்கே தெரியும், வீட்டுக்கு வீடு அதுதானே. அப்படியானால் பச்சையில்தான் கரண்டு வருகிறது, கம்பெனிக்காரன் கிறுக்கன், பச்சையைப் போய் இதற்கு வைத்திருக்கிறான் என்று அவனைத் திட்டிவிட்டு, சுவிட்சைப் பச்சையில் போட்டார். விளக்கின் கறுப்பைக் கறுப்போடு சேர்த்தார். சுவிட்சைத் தட்டினால் தேயிலைச் சரிவே மஞ்சளானது. மனைவி சாந்தாமணி வாசலுக்கு வந்து "பொண்ணுக்குச் சீர் பண்ணியாச்சாட்ட" என்றாள். அன்று அவர் நெஞ்சு எவ்வளவு நிமிர்ந்திருந்தது! சார்ஜர் மட்டும் மாட்டிய அன்றே செத்துப்போனது. டூப்ளிகேட் சாமான் என்று கடைக்காரனைத் திட்டினார். எத்தனை பேரைத் திட்டியிருக்கிறார். கம்பெனிக்காரன், கடைக்காரன், ஈரம், இப்போது ஷாஜி. பிள்ளையார் பிடிக்கப்போய்க் குரங்கானால் களிமண்ணைத் திட்டுகிற ஆள்.

கீழே ரோட்டில் பஸ் ஹார்ன் அடித்துக்கொண்டு போனது. மணி மூன்றா? அதற்குள்ளா? ஒன்றரை மணி நேரத்தில் டேப்பைப் பிரித்துத் திரும்பச் சுற்றியதைத் தவிர என்ன செய்தார்? பிரித்த முடிச்செல்லாம் கல் மாதிரி இறுக்கமாக இருந்தது, ஒன்றில்கூடக் கம்பி தெறித்திருக்கவில்லை, அவர் போட்ட முடிச்சில்லையா. பஸ்ஸும் போயாயிற்று. இனி வண்டி ஒன்றுதான் வழி. சாந்தாமணி கதவருகே நின்று புடவைத் தலைப்பில் கையைத் துடைத்தாள்.

"ஏனுங்க, இன்னும் ஆகலீங்களா? புள்ள தலைவாரிக்கிட்டு இருக்கறா."

"ஆயிரும்."

"நம்மூட்டுல ஃபியூஸ் போனா ஒரு கம்பியச் சுத்தி உட்டுப் போடுவீங்கள்ல. அப்பிடி இதுக்கும் ஒண்ணு சுத்தி உடறதுதானுங்க?"

அவள் உள்ளே போய்விட்டாள். சொல் போகவில்லை. கம்பி. சாக்கின் ஓரத்திலேயே கிடக்கிறது, உரித்த ஒயரின் செம்பு இழைகள். நாலைந்து இழையை முறுக்கி ஃபியூஸ் இருக்கும் இடத்தில் செருகிவிட்டால் போதும், ஃபியூஸ் போகாது. ஃபியூஸ் போகாவிட்டால் லைட் அணையாது. லைட் அணையாவிட்டால் மூன்றாவது வளைவு வெறும் வளைவு. நாளைக்குச் சாவகாசமாகப் பார்த்துக்கொள்ளலாம். கை அதற்குள் இழைகளை எடுத்து முறுக்க ஆரம்பித்துவிட்டது, விரல்களுக்கு யோசனை தேவையில்லை, எத்தனை தெருவுக்கு முறுக்கிய விரல்கள். விரல் நின்றது. ஒரு டிரான்ஸ்பார்மர் ஞாபகம் வந்தது. ஃபியூஸ் அடிக்கடி போகிறதென்று யாரோ புண்ணியவான் அதில் விரல் தடிமனுக்கு அலுமினியக் கம்பி கட்டியிருந்தான். ஃபியூஸ் போகவில்லை. டிரான்ஸ்பார்மரே போனது, எண்ணெயோடு, பொங்கலன்று, தீ தென்னை உயரம். இங்கே எண்ணெய் இல்லை, பெட்ரோல் இருக்கிறது, ஒயர் போவது டாங்க்குக்கு நேர் கீழே, டாங்க்கை ஒட்டி உட்காருகிறவள் வாணி. ஃபியூஸ் எதிரி இல்லை. ஃபியூஸ்தான் நாலு தடவை செத்து, இங்கே ஏதோ தப்பு இருக்கிறது, இங்கே ஏதோ தப்பு இருக்கிறது என்று சொல்லியிருக்கிறது. கேட்கிற காதுதான் இல்லை. முறுக்கிய இழைகளைத் தூரத் தேயிலைச் செடிக்குள் வீசினார். 

ஃபியூஸைப் பலி கொடுக்காதே, பல்பைக் காவல் வை. யார் சொன்னது? சொன்னவன் குரல் தெரியும், முகத்தைத்தான் அவர் வரவிடுவதில்லை. மாரப்பன், கூட வேலை பார்த்தவன். ஃபியூஸ் தொடர்ந்து போகிற வீடுகளில், ஃபியூஸ் இடத்தில் ஒரு பல்பைக் கோத்துவிடுவான். ஒயர் எங்காவது தப்பாகத் தொட்டால் பல்பு பளீரென்று எரியும், எதுவும் பொசுங்காது. எரிகிற இடத்தில் கையை வைத்து "இங்கதான்டா திருடன்" என்பான். நல்ல கை. அந்தக் கையில் இப்போது மூன்று விரல்தான். இருபத்தொரு வருஷம் முன்னால் பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்புக்குள் ஒரு நார் மில், தூறல், லைன் அறுந்து கிடந்தது. ஆபீஸில் கரண்டை நிறுத்தச் சொல்லியாயிற்று. நிறுத்தியும், கம்பத்தில் ஏறுவதற்கு முன்னால் எர்த் ராடை லைனில் மாட்டித் தரையோடு சேர்க்க வேண்டும், தப்பித் தவறிக் கரண்டு வந்தாலும் மண்ணுக்குப் போய்விடும். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் போர்மேன் சொன்ன பாடம், சோதிக்கிற வரைக்கும் எல்லா லைனும் உசுரோடதான் இருக்கும். ராடு ஜீப்பில் இருந்தது. ஜீப்பு நூறடி தள்ளி, சேற்றில். நஞ்சப்பன் அண்ணாந்து, "ஏறுடா, செத்த லைன்தான்" என்றார். மில்லுக்காரன் ஜெனரேட்டர் போட்டான், அந்தக் கரண்டு பின்வழியாக லைனில் ஏறியது. மாரப்பன் பெல்ட்டில் தொங்கினான். நூறடி. நூறே அடி. விசாரணையில் "ராடு மாட்டியிருந்தேன், காற்றில் கழன்றிருக்கும்" என்று எழுதிக் கொடுத்தார். மில்லுக்காரன் மேல் குற்றம் என்று முடிந்தது, அவன் மேலும் குற்றம் இருந்தது, அதுதான் வசதியாகப் போயிற்று. மாரப்பன் உடுமலையில் இருக்கிறான். கல்யாணம் காட்சியில் பார்த்தால் கையைக் கும்பிடுகிற மாதிரி வைத்துக்கொள்வார் நஞ்சப்பன், அவன் கையைப் பிடிக்க வேண்டியிருக்கக் கூடாது என்று. தப்பு எப்போதும் அடுத்தவன் ஜெனரேட்டரிலிருந்துதான் வரும். அப்படித்தான் இருக்கோணும். அன்றும் அதைத்தான் சொன்னார், காலையில் சொன்ன அதே வார்த்தை. எழுத்து மாறாமல் அதே வார்த்தை.

சரி, பல்பைக் காவல் வைப்போம். பழைய இண்டிகேட்டர் பல்பையே எடுத்து, அதன் இரண்டு காலையும் ஃபியூஸ் இருந்த குழிகளில் செருகினார். ஹெட்லைட் செருகியை உருவிவிட்டார், அது பாட்டுக்குக் கரண்டை இழுத்துக் குழப்பும். சாவியைத் திருப்பினார். பல்பு உள்ளே சிவந்த நூலாக மங்கி நின்றது. அப்படியானால் இந்த நிமிஷம் எதுவும் எதையும் தொடவில்லை. ஹேண்டில்பாரை இடது பக்கம் திருப்பினார், வலது பக்கம் திருப்பினார். நூல் அப்படியே இருந்தது. சீட்டைக் குத்தினார். டாங்க்கடி ஒயரைப் பிடித்து ஆட்டினார். பின் லைட்டைத் தட்டினார். ஒன்றுமில்லை. ஒன்றுமில்லை என்பதுதான் பயம், தப்பு தூங்குகிறது, வளைவுக்குப் போனால்தான் விழிக்கும், மேட்டுப் பள்ளத்தில் குலுங்கினால்தான். கீழ்ச்சரிவில் பனி கிளம்பிவிட்டது, பக்கத்து வீட்டு மாட்டுக் கொட்டகையின் தகரம் பாதி மறைந்துவிட்டது. தேயிலை ஃபாக்டரியின் பச்சை வாசனை ஈரத்தோடு சேர்ந்து மூக்கில் ஏறியது. மூன்று மணி பத்து நிமிஷம், பதினைந்து நிமிஷம். சாந்தாமணி டீயைக் கொண்டுவந்தாள். அவர் இரண்டு கையும் அழுக்கு, வாங்கவில்லை. "சூடு, கை பொசுங்குது" என்று அவள் எவர்சில்வர் டம்ளரை முன்னால் இருக்கும் கார்டின் மேல், பனி விளக்குக்குச் சாய்த்து வைத்தாள்.

பல்பு பளீரென்று எரிந்தது.

"எடுக்காத!" என்று கத்தினார். அவள் பயந்துபோய் எடுத்துவிட்டாள். பல்பு மறுபடி நூலானது. "வெய்யி, திருப்பி அங்கயே வெய்யி." வைத்தாள். பளீர். டம்ளரின் அடிப்பக்கம் கார்டின் போல்ட்டில், விளிம்பு விளக்கின் இரும்பு உடம்பில். விளக்கின் உடம்புக்குக் கார்டைத் தொடுகிற உரிமை உண்டு, கார்டு என்பது வண்டியின் உடம்பு, வண்டியின் உடம்பு என்பது மண் மாதிரி, அதைத் தொட்டால் ஒன்றும் ஆகக் கூடாது. ஆகிறதே. சுவிட்சு வேறு அணைத்திருக்கிறது. அணைத்த விளக்கின் உடம்பில் கரண்டு எப்படி வந்தது? குனிந்து ரப்பரை விலக்கிப் பார்த்தார். ரப்பர் ஒரு பக்கம் தேய்ந்து, கார்டின் பெயின்ட் அரை ரூபாய் அகலத்துக்குப் போய் இரும்பு பல்லிளித்தது. குலுங்கும்போது விளக்கு அங்கே போய் இடிக்கும். இடித்தால் ஃபியூஸ் போகும். அது தெரிந்தது. ஆனால் உடம்பில் கரண்டு எப்படி? உடம்போடு உள்ளே சேர்ந்திருப்பது விளக்கின் கறுப்பு ஒயர். கறுப்பு ஒயர் போவது வண்டியின் கறுப்புக்கு. கறுப்பில் கரண்டு கிடையாது. கறுப்பைத் தொடலாம். முப்பத்து நாலு வருஷம் கறுப்பைத் தொட்டிருக்கிறார். மனசு அங்கே போய் முட்டியது, திரும்பி வந்தது, மறுபடி போய் முட்டியது. பல்பை ஃபியூஸ் குழியிலிருந்து உருவி அங்கே ஒரு நல்ல ஃபியூஸை மாட்டினார். பல்பின் ஒரு காலை வண்டியின் வெறும் இரும்பில் வைத்தார். இன்னொரு காலைப் பச்சையில் வைத்தார். எரியவில்லை. கறுப்பில் வைத்தார். எரிந்தது.

கறுப்பில்தான் கரண்டு. இந்த வண்டியில் உசுர் ஓடுவது கறுப்பில், பச்சை வெறும் மண். வீட்டு ஒயரிங் வேறு, வண்டி ஒயரிங் வேறு. அன்றைக்குப் பல்பு இரண்டிலும் கால் வைத்து எரிந்ததே தவிர, எதிலிருந்து வந்து எதற்குப் போகிறது என்று அதற்குச் சொல்லத் தெரியாது. ஒரு காலை இரும்பில் வைத்துக் கேட்டிருந்தால் சொல்லியிருக்கும். ஒரே ஒரு நிமிஷ வேலை. அவர் கேட்கவில்லை. தெரிந்ததை யாராவது கேட்பார்களா? திரும்பிப் போகிற ஒயரில் சுவிட்சைப் போட்டால் விளக்கு அணைந்தும் உசுரோடு இருக்கும் என்று எத்தனை ஒயர்மேன்களை நடுவீட்டில் நிற்க வைத்துத் திட்டியிருக்கிறார். ஊருக்கு உபதேசம். பாவம் அந்தச் சார்ஜர், தலைகீழாகக் கரண்டு கொடுத்தால் அது சாகாமல் என்ன செய்யும்? கடைக்காரன் நல்லவன். கம்பெனிக்காரன் கிறுக்கனில்லை. ஷாஜிக்கு இதில் ஒன்றுமே இல்லை. செத்த லைன்தான், ஏறுடா. இருபத்தொரு வருஷம் கழித்து அதே வாய் அதே வார்த்தையைச் சொல்லித் தன் பெண்ணைக் கம்பத்தில் ஏற்றியிருக்கிறது. அவருக்கு அழுகை வந்தது. அழுகைக்கு அடியில், வெட்கமில்லாமல், ஒரு சந்தோஷமும் வந்தது, கண்டுபிடித்துவிட்டோம், கண்டுபிடித்துவிட்டோம் என்று. இரண்டும் ஒன்றாக வருமென்று அவருக்கு இதுவரை தெரியாது. "டீ ஆறுதுங்க" என்றாள் சாந்தாமணி. ஒரே மடக்கில் குடித்துவிட்டு, "உன்ற டம்ளர்தான்டி கண்டுபிடிச்சுது" என்றார்.

அப்புறம் வேலை வேலையாக நடந்தது. ஒயர்களை மாற்றினார். சுவிட்சைக் கறுப்புக்குக் கொண்டுவந்தார். விளக்குகளுக்கு மட்டும் தனியாக ஒரு சின்ன ஃபியூஸ் வைத்தார், நாளைக்கு விளக்கில் என்ன வந்தாலும் என்ஜினும் ஹெட்லைட்டும் அணையக் கூடாது. சைக்கிள் டியூபை வெட்டி ரப்பருக்கு இரட்டைச் சுற்று. ஒவ்வொரு ஒயரையும் முடிச்சுப் போடுவதற்கு முன்னால் பல்பை வைத்துக் கேட்டார், முடிச்சுப் போட்ட பிறகும் கேட்டார். ஹெட்லைட்டைச் செருகி, கிளப்பி, கார்டை இரண்டு கையாலும் பிடித்துக் குலுக்கினார். டம்ளரை வைத்துப் பார்த்தார். அடங்காத பையனைப் பிடித்து உலுக்குகிற மாதிரி வண்டியை உலுக்கினார். விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. நாலாக ஐந்து நிமிஷம். வாணி ஜெர்கின் ஜிப்பை இழுத்துக்கொண்டே வெளியே வந்தாள்.

"ஆயிருச்சுங்களாப்பா?"

ஆயிருச்சு, போ கண்ணு. அதோடு நிறுத்திக்கொள்ளலாம். அவள் ஏன் என்று கேட்க மாட்டாள், நேரமாகிவிட்டது. விளக்கு எரிகிறது, யாருக்கு என்ன நஷ்டம்? வாய் அதற்குத்தான் திறந்தது. வேறு வார்த்தை வந்தது.

"ஷாஜி மேல ஒண்ணுமில்ல கண்ணு. நாந்தான். ஒயர மாத்திக் குடுத்துட்டேன். கறுப்புல கரண்டு வராதுன்னு நானா நெனச்சுக்கிட்டேன், சோதிச்சுப் பாக்கல. நேத்து நீ அங்க நின்னது என்னாலதான்."

வாணி ஜிப்பை விட்டுவிட்டு அவரைப் பார்த்தாள். எவ்வளவு நேரம் பார்த்தாள் என்று அவரால் சொல்ல முடியாது, என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது, அதன் சத்தத்தை எண்ணினார்.

"சீட்டுக்கடியில ஃபியூஸ டேப்பு போட்டு ஒட்டி வெச்சிருந்ததும் நீங்கதானுங்கப்பா" என்றாள். "அது இல்லீனா நேத்து அந்த யானையோட குடும்பம் நடத்தியிருப்பேன்." ஹெல்மெட்டை மாட்டினாள். பிறகு, உள்ளேயிருந்து, கொஞ்சம் கறாராக: "ஆனா ஒண்ணுங்க. காலையிலயே ஷாஜியண்ணனுக்குப் போன் போட்டு நல்லாக் கேட்டுப்புட்டேன். பாவம், ஒண்ணும் பேசல மனுசன். நீங்களே கூப்பிட்டுச் சொல்லீருங்க. நான் சொல்ல மாட்டேன்."

"சொல்றேன்."

"இன்னிக்கேங்க."

போனாள். பனி விளக்குகளின் மஞ்சள் சரிவில் இறங்கி, பாலத்தைத் தாண்டி, எதிர் மலையில் ஏறியது. வாசலிலிருந்து பார்த்தால் எதிர் மலை ரோட்டின் ஐந்து வளைவு தெரியும், தெரியும் என்றால் நல்ல நாளில். இன்று வெள்ளைக்குள் ஒரு மஞ்சள் கறை ஊர்ந்தது. ஒன்று. போல்ட்டை நன்றாக இறுக்கினோமா? இறுக்கினோம். இரண்டு. டாங்க்கடியில் அந்த ஒயர் எங்காவது நசுங்கியிருந்தால்? பார்த்தோம், இரண்டு தடவை பார்த்தோம். சாந்தாமணி பக்கத்தில் வந்து நின்றாள். மூன்றாவது வளைவு. மஞ்சள் அங்கே போய் நின்றது. நின்று, அணைந்தது.  ஒயரும் வண்டியும் உலகமும் மறந்து "சாமி" என்றார். மறுபடி எரிந்தது. அணைந்தது. எரிந்தது. கட்டைவிரலுக்கு எட்டுகிற இடத்தில் அவரே வைத்த சுவிட்சு. "குசும்பப் பாருங்க உங்க புள்ளைக்கு" என்றாள் சாந்தாமணி. கறை நகர்ந்து நாலாவது வளைவில் திரும்பி, ஐந்தாவதில் பனியோடு கலந்துவிட்டது.

ஷாஜிக்குப் பேசினார். "அய்யோ சேட்டா, அது சாரமில்ல, போகட்டும், வண்டில கறுப்புதான் பிளஸ்ஸு, என்னைக் கேட்டிருந்தா ஒரு நிமிஷத்தில சொல்லியிருப்பேனே" என்று அவன் சிரித்தான். அவ்வளவுதான். இருபத்தொரு வருஷம் மலையாகத் தூக்கிக்கொண்டு நடந்தது, வாயைத் திறந்தால் இவ்வளவுதானா? இல்லை, இது வேறு, அது வேறு. இங்கே யாருக்கும் விரல் போகவில்லை. போனைப் பையில் போட்டார். எடுத்தார். பெயர் வரிசையில் ஷாஜிக்கு முன்னாலேயே இருக்கிறது மாரப்பன். தீபாவளிக்குக்கூடக் கூப்பிடாத நம்பர். கூப்பிட்டால் என்ன சொல்வது? எப்படி ஆரம்பிப்பது? மழை எப்படி என்று ஆரம்பிக்கலாம். ஒரு வார்த்தை வெளியே வந்துவிட்ட வாய் இது, ஆறுவதற்குள் அடுத்ததும் வந்துவிட்டால் உண்டு. விரல் அழுத்திவிட்டது, விரல்களுக்கு யோசனை தேவையில்லை.

"ஆரு, நஞ்சப்பனா? என்னப்பா அதிசயமா?"

மழையைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை. "மாரப்பா, அன்னிக்கு நார் மில்லு லைன்ல நான் எர்த் ராடு மாட்டவே இல்லடா. மாட்டுனேன்னு எழுதிக் குடுத்தது பொய்யி."

அந்தப் பக்கம் ஒரு டிவி ஓடியது. யாரோ அதன் சத்தத்தைக் குறைத்தார்கள்.

"எனக்குத் தெரியும்டா" என்றான் மாரப்பன். "மேல தலைகீழாத் தொங்கறப்ப ஜீப்புதான் நேராத் தெரிஞ்சுது. ராடு அதுலயே கட்டியிருந்துச்சு."

நஞ்சப்பன் சாக்கின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். "பொறகு ஏன்டா நீ அன்னிக்கே சொல்லல?"

"நீ சொல்லுவேன்னு இருந்தேன்" என்றான் மாரப்பன். "பரவால்ல. சொல்லீட்டியே. எங்கிருந்து பேசற, வீட்டுலயா? பொண்ணு எப்படியிருக்குது, இன்னும் அந்தப் பனியில வண்டி ஓட்டிக்கிட்டுத்தான் போகுதா?"

"போகுதுடா" என்றார் நஞ்சப்பன். "இப்பத்தான் அஞ்சாவது வளைவு தாண்டுச்சு."